அவைக்கு வராத அறிக்கை

பெரம்பலூர் மக்களவைத் தொகுதியிலிருந்து தில்லிக்குப் போன இரண்டு திமுக உறுப்பினர்களை விட்டுவிட்டு நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவின் வரலாற்றை எழுத முடியாது. ஒருவர் இரா. செழியன். 1962இல் பெரம்பலூரில் வென்றவர். அடுத்த இரண்டு தேர்தல்களில் கும்பகோணத்தில் வென்று, 1971 முதல் 1973 வரை அந்தக் குழுவின் தலைவராக இருந்தவர். மற்றவர் ஆ. ராசா. பெரம்பலூர் மாவட்டத்து வேலூரில் பிறந்து, 1996, 1999, 2004 தேர்தல்களில் அதே தொகுதியில் வென்றவர். தொகுதி மறுவரையறையில் பெரம்பலூர் பொதுத் தொகுதியானதும் 2009இல் நீலகிரிக்கு மாறினார். செழியன் குழுவின் நாற்காலியில் அமர்ந்து அரசின் செலவுகளைக் கேள்வி கேட்டார். ராசா தொலைத்தொடர்பு அமைச்சராக எடுத்த ஒரு முடிவு, அதே குழுவை நாற்பது ஆண்டுகள் கழித்து நடுவில் பிளந்தது.

பிளவு நடந்த நாள் 2011 ஏப்ரல் 28. தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தலில் வாக்குப்பதிவு முடிந்து பதினைந்து நாள் ஆகியிருந்தது. வாக்கு எண்ணிக்கைக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது. ஊருக்கு ஊர் ‘டூ-ஜி’ அலைக்கற்றை பற்றிய பேச்சு. அன்று தில்லியில் பொதுக் கணக்குக் குழு கூடியது, அலைக்கற்றை ஒதுக்கீடு பற்றிய வரைவறிக்கையை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய. தலைவர் முரளி மனோகர் ஜோஷி, பாஜக. வரைவு ஏறத்தாழ 270 பக்கம். உறுப்பினர்களின் கைக்கு அது போய்ச் சேர்ந்தது கூட்டத்துக்குச் சற்று முன்புதான். குழுவின் ஓராண்டுப் பதவிக்காலமோ ஏப்ரல் 30உடன் முடிகிறது.

குழுவில் இருக்க வேண்டியவர்கள் 22 பேர். மக்களவையிலிருந்து 15, மாநிலங்களவையிலிருந்து 7. ஓர் இடம் காலியாக இருந்ததால் அன்றைய கணக்கு 21. காங்கிரசுக்கு ஏழு, பாஜகவுக்கு நான்கு, திமுகவுக்கும் அதிமுகவுக்கும் இரண்டிரண்டு. மிச்சம் ஆறு இடங்களில் சிவசேனை, பிஜு ஜனதா தளம், ஐக்கிய ஜனதா தளம், மார்க்சிஸ்ட், சமாஜ்வாதி, பகுஜன் சமாஜ் ஆகிய கட்சிகளின் தலா ஒருவர். அமைச்சரவையில் இல்லாவிட்டாலும் வெளியிலிருந்து அரசைத் தாங்கிக்கொண்டிருந்த சமாஜ்வாதி, பகுஜன் சமாஜ் உறுப்பினர்கள் இருவரும் காங்கிரஸ், திமுகவோடு சேர்ந்தார்கள். எண்ணிக்கை பதினொன்று ஆனது. எதிர்ப்பக்கம் பத்து.

பதினொரு பேரும் வரைவை நிராகரிப்பதாக எழுதிக் கொடுத்தார்கள். கூச்சலும் வாதமுமாகப் போன கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டு ஜோஷி வெளியேறினார். அவருடன் எதிர்க்கட்சியினரும் கிளம்பினார்கள். உள்ளே இருந்தவர்கள் காங்கிரசின் மாநிலங்களவை உறுப்பினர் சைபுதீன் சோசைத் தலைவராகத் தேர்ந்தெடுத்து, வரைவைத் தோற்கடித்துவிட்டதாக அறிவித்தார்கள். கூட்டமே ஒத்திவைக்கப்பட்ட பிறகு வாக்கெடுப்பு ஏது என்றது பாஜக. தலைவர் இல்லாதபோது அந்த அமர்வுக்கு இன்னொருவரைத் தேர்ந்தெடுக்கலாம் என்று மக்களவை நடத்தை விதி இருக்கிறதே என்றது காங்கிரஸ். இரண்டு வாதத்துக்கும் காகிதத்தில் இடம் உண்டு. ஆனால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டதா, இல்லை தலைவர் எழுந்து போனாரா என்பதைப் பொறுத்தே அந்த விதி பொருந்தும். அதிலும் இருதரப்பும் ஒத்துப்போகவில்லை. தவிர, இது மக்களவையின் குழு. மாநிலங்களவை உறுப்பினர்கள் 1950களின் நடுவிலிருந்து இதில் சேர்த்துக்கொள்ளப்பட்டவர்கள். அவர்களில் ஒருவர் தலைமை நாற்காலியில் உட்காரலாமா என்பது தனிக் கேள்வி.

ஜோஷி, பதவிக்காலம் முடிந்த நாளில் தன் வரைவைச் சபாநாயகர் மீரா குமாரிடம் அனுப்பினார். ஜூனில் அது அவரிடமே திரும்பி வந்தது. குழு ஏற்காத வரைவு அறிக்கை ஆகாது. நாடாளுமன்ற அவையில் அது இன்றுவரை வைக்கப்படவில்லை.

குழு எதை ஆராயப் புகுந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2008 ஜனவரி 10 அன்று தொலைத்தொடர்புத் துறை 122 உரிமங்களுக்கு வழிவிட்டது. நாடு முழுவதற்குமான உரிமத்துக்குக் கட்டணம் 1,658 கோடி ரூபாய், அதாவது 2001இல் நிர்ணயித்த அதே விலை. விண்ணப்பிக்கக் கடைசி நாள் 2007 அக்டோபர் 1 என்று முதலில் அறிவித்துவிட்டு, செப்டம்பர் 25 வரை வந்த விண்ணப்பங்கள் மட்டுமே பரிசீலிக்கப்படும் என்று பிறகு மாற்றினார்கள். ஜனவரி 10ஆம் தேதி பிற்பகலில் செய்திக்குறிப்பு வெளியிட்டு, அதற்கு அடுத்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே நிறுவனங்கள் வந்து கடிதம் பெற வேண்டும் என்றார்கள். முன்கூட்டியே வரைவோலையோடு தயாராக நின்றவர்களால்தான் அது முடியும்.

இதைத் தணிக்கை செய்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் (சிஏஜி) வினோத் ராயின் அறிக்கை 2010 நவம்பர் 16 அன்று நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. ராசா அதற்கு இரண்டு நாள் முன்பே பதவி விலகியிருந்தார். நாடு முழுவதும் மனப்பாடம் செய்த தொகை 1,76,645 கோடி ரூபாய். அறிக்கையில் அது மட்டும் இல்லை. ஒரு நிறுவனம் தானாக முன்வந்து தருவதாகச் சொன்ன தொகையை அளவுகோலாக வைத்தால் 67,364 கோடி. உரிமம் பெற்ற நிறுவனங்கள் பின்னர் பங்குகளை விற்ற விலையை வைத்தால் 57,666 கோடியிலிருந்து தொடங்கும். 2010இல் நடந்த ‘திரீ-ஜி’ ஏலத்தின் விலையை வைத்தால்தான் அந்தப் பெரிய தொகை. மூன்றுமே உத்தேச இழப்பு, அதாவது வந்திருக்கக் கூடியது வராமல் போனது என்ற கணிப்பு. மேடையும் பத்திரிகையும் பெரியதை எடுத்துக்கொண்டன. அரசும் தன் பங்குக்கு எதிர் முனைக்குப் போனது: தொலைத்தொடர்புத் துறையை ஏற்ற கபில் சிபல், 2011 ஜனவரியில் இழப்பே இல்லை என்றார். குழு ஆராய்ந்துகொண்டிருக்கும் விஷயத்தில் அமைச்சர் தீர்ப்புச் சொல்வதா என்று ஜோஷி கண்டித்தார். 1.76 லட்சம் கோடிக்கும் பூஜ்யத்துக்கும் நடுவில் உண்மை எங்கே நிற்கிறது என்று நிதானமாகச் சொல்ல வேண்டிய இடம் ஒன்று இருந்தது. அதுதான் பொதுக் கணக்குக் குழு.

அந்தக் குழு எப்படி வேலை செய்கிறது என்பதை ஓர் ஊர்க் கணக்கிலிருந்து பார்க்கலாம். அரியலூர் மாவட்டத்தில் முந்திரிக் காடுகள் சூழ்ந்த ஆண்டிமடம் வட்டாரத்தில் இருக்கும் வரதராஜன்பேட்டை ஒரு பேரூராட்சி. அப்படிப்பட்ட ஊரில் ஒரு தெருவுக்குச் சிமெண்டுச் சாலை போட்டால் என்ன நடக்கும்? மதிப்பீடு, ஒப்பந்தம், வேலை, பொறியாளர் அளந்து அளவுப் புத்தகமான எம்-புக்கில் எழுதுவது, பட்டியல், காசோலை. அதன்பிறகு உள்ளாட்சி நிதி தணிக்கைக்காரர்கள் வருவார்கள். அளவு இடித்தால், வவுச்சர் இல்லாவிட்டால், விதிக்குப் புறம்பாகப் பணம் போயிருந்தால் ‘தணிக்கைத் தடை’ எழுதுவார்கள். செயல் அலுவலர் பதில் எழுத வேண்டும். பதில் சரியென்றால் தடை நீங்கும். இல்லையென்றால் ஆண்டுக்கணக்கில் நிலுவையில் கிடக்கும். தில்லியின் படிக்கட்டும் இதே மாதிரியானதுதான். சிஏஜி எழுதும் பத்திகளிலிருந்து குழு சிலவற்றைப் பொறுக்கி எடுக்கும். துறைச் செயலாளர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்கும். சிஏஜி பக்கத்திலேயே அமர்ந்து எடுத்துக் கொடுப்பார். குழு அறிக்கை தரும். அரசு ஆறு மாதத்துக்குள் எடுத்த நடவடிக்கையைச் சொல்ல வேண்டும்.

ஒரு வித்தியாசம். பேரூராட்சி மன்றத்தில் ஒரு தீர்மானம் பிடிக்காத கவுன்சிலர் எழுந்து ‘என் எதிர்ப்பைப் பதிவு செய்யுங்கள்’ என்று கேட்பது சாதாரணமாக நடப்பது. பொதுக் கணக்குக் குழுவில் உட்கார்ந்திருக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கு அந்த வசதி இல்லை. அந்தக் குழுவின் அறிக்கையோடு மாற்றுக் கருத்துக் குறிப்பை இணைக்க இடம் கிடையாது. அறிக்கை என்றால் அது மொத்தக் குழுவின் ஒரே குரல்.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் தெரியாமல் செய்யவில்லை. பிரிட்டனில் 1861இல் கிளாட்ஸ்டன் முயற்சியில் இந்தக் குழு பிறந்தபோதே, கொள்கையைப் பற்றிய சண்டை அவையில் நடக்கட்டும், செலவு ஒழுங்காக நடந்ததா என்பதைக் கட்சி பாராமல் இங்கே பார்ப்போம் என்பதுதான் எண்ணம். இந்தியாவில் 1921இல் குழு தொடங்கியபோது அரசின் நிதி உறுப்பினரே தலைவர். கணக்கு எழுதியவரே கணக்குப் பார்த்தார். 1950க்குப் பிறகு அது மாறியது. 1967இல் சுதந்திராக் கட்சியின் மினு மசானி தலைவரானதிலிருந்து எதிர்க்கட்சிக்காரரே தலைவர் என்பது மரபு. தலைவர் எதிர்க்கட்சி, பெரும்பான்மை ஆளுங்கட்சி: இருவரும் ஒத்துப்போனால்தான் எழுத்து வெளியே வரும். அதனால்தான் இந்தக் குழுவின் அறிக்கைகளுக்குத் தனி மதிப்பு. மருந்து வாங்கியதில் விரயம், வரி விட்டுப்போனது, கப்பல் தாமதம் போன்றவற்றில் உறுப்பினர்கள் கட்சியை மறந்து வேலை செய்திருக்கிறார்கள். அப்படி ஆண்டுதோறும் வந்த அறிக்கைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பத்திரிகைகள் அவற்றைப் படிப்பதில்லை.

செழியன் தலைவராக இருந்த காலத்தில் ஒரு சுவையான முரண் உண்டு. 1971 தேர்தலில் திமுக, இந்திரா காந்தியின் காங்கிரசோடு கூட்டணி வைத்து வென்ற கட்சி. அந்தக் கட்சியின் உறுப்பினர்தான் இந்திரா அரசின் கணக்கைப் பார்க்கும் குழுவுக்குத் தலைவர். தமிழ்நாட்டில் 2021க்குப் பிறகு சட்டமன்றப் பொதுக் கணக்குக் குழுவின் தலைமை முதன்மை எதிர்க்கட்சியான அதிமுகவுக்குப் போகாமல், ஆளும் திமுகவின் கூட்டணியில் இருந்த காங்கிரசின் செல்வப்பெருந்தகைக்குப் போனதைக் குறை சொல்பவர்கள் இந்தப் பழைய கதையையும் நினைத்துப் பார்க்கலாம். கூட்டணிக் கட்சி என்பதாலேயே ஒருவர் கணக்குப் பார்க்கத் தகுதியற்றவர் ஆகிவிடுவதில்லை. ஆனால் செழியன் போன்ற ஒருவர் நாற்காலியில் இருப்பார் என்று நம்பி மரபை வளைப்பது நல்ல ஏற்பாடும் ஆகாது. மாநிலத்தில் சிஏஜி அறிக்கையே பல ஆண்டுகளில் கூட்டத்தொடரின் கடைசி நாளில்தான் மேசைக்கு வருகிறது என்பது வேறு கதை.

அப்படியானால் 2011இல் ஏன் உடைந்தது? பணம் பெரிது என்பதால் மட்டும் இல்லை. விரல் யாரை நோக்கி நீண்டது என்பதால். ஜோஷியின் வரைவு ராசாவோடு நிற்கவில்லை. நிதியமைச்சராக இருந்த ப. சிதம்பரம் 2008 ஜனவரி 15 அன்று எழுதிய குறிப்பில், நடந்து முடிந்ததை முடிந்ததாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னதைக் கேள்விக்கு உள்ளாக்கியது. பிரதமர் அலுவலகம் இந்த விவகாரத்திலிருந்து ஒரு கை தூரத்தில் நிற்க விரும்பியதைக் காட்டும் கோப்புக் குறிப்பையும் சுட்டியது. அமைச்சர் ஒருவரை விட்டுக்கொடுக்கக் காங்கிரஸ் தயாராக இருந்திருக்கலாம். பிரதமரை விட்டுக்கொடுக்க எந்த ஆளுங்கட்சியும் தயாராக இருக்காது.

இதில் இன்னொரு சிக்கலும் கூடியது. 2010 குளிர்காலக் கூட்டத்தொடர் முழுவதையும் எதிர்க்கட்சிகள் முடக்கியதே, நாடாளுமன்றக் கூட்டுக் குழு வேண்டும் என்று கேட்டுத்தான். பொதுக் கணக்குக் குழுதான் இருக்கிறதே, அது போதும் என்றது அரசு. அந்த டிசம்பரில் காங்கிரஸ் மாநாட்டில் பிரதமர் மன்மோகன் சிங் தானே பொதுக் கணக்குக் குழுவின் முன்பு வரத் தயார் என்றார். அமைச்சர்களை இந்தக் குழு சாட்சியத்துக்கு அழைப்பதில்லை என்பது நெறிமுறை. ஆகவே அந்த வாக்குறுதி நிறைவேறும் வாய்ப்பு ஆரம்பத்திலிருந்தே குறைவு. 2011 தொடக்கத்தில் அரசு பணிந்து பி.சி. சாக்கோ தலைமையில் 30 பேர் கொண்ட கூட்டுக் குழு அமைத்தது. உடனே கட்சிகள் இடம் மாறின. போதும் என்று முன்பு சொன்ன குழுவை, கூட்டுக் குழு வந்துவிட்டதே, நீங்கள் நிறுத்திக்கொள்ளுங்கள் என்று காங்கிரஸ் சொல்லத் தொடங்கியது. போதாது என்று சொன்ன பாஜகவோ அதையே தூக்கிப் பிடித்தது. ஏப்ரல் தொடக்கத்தில் ரத்தன் டாட்டா, நீரா ராடியா, அனில் அம்பானி வந்து சாட்சியம் சொன்னார்கள். அமைச்சரவைச் செயலாளரையும் பிரதமரின் முதன்மைச் செயலாளரையும் விசாரிக்கும் கட்டம் வந்தபோதுதான் சண்டை உச்சத்துக்குப் போனது.

திமுக உறுப்பினர்கள் இருவரும் அந்த அறையில் இருந்தது பற்றியும் பேச வேண்டும். தங்கள் கட்சியின் அமைச்சர் மீதான தணிக்கையில் அவர்கள் வாக்களித்தார்கள். எதிரே அதிமுக உறுப்பினர்கள் இருவர், வீட்டுச் சண்டையின் மறுபக்கம். விதி எதையும் யாரும் மீறவில்லை. அமைச்சர்கள் உறுப்பினராகக் கூடாது என்பதோடு விதி நின்றுவிடுகிறது. உத்திரமேரூர்க் கல்வெட்டைக் குடவோலைக்காக மேற்கோள் காட்டாத மேடை தமிழ்நாட்டில் இல்லை. அதே கல்வெட்டில் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் தேர்வுக்குத் தகுதியற்றவர் என்று எழுதியிருப்பதை மேடைகள் சொல்வதில்லை. முதலாம் பராந்தகன் காலத்துச் சபைக்குத் தோன்றிய அந்த எச்சரிக்கை, பத்து நூற்றாண்டு கழித்து நாடாளுமன்ற விதிப்புத்தகத்துக்குத் தோன்றவில்லை.

ஜோஷியின் பக்கமும் தவறு உண்டு. 270 பக்க வரைவைக் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு நாளில் பதவிக்காலம் முடிகிறது, ஏற்றுக்கொள்ளுங்கள் என்பது ஒத்த கருத்தைத் தேடும் வழி அல்ல. வரைவு கூட்டத்துக்கு முன்பே பத்திரிகைகளில் வந்துவிட்டது. பிற்பாடு, 2012 நவம்பரில், தொலைத்தொடர்புத் தணிக்கையில் மூத்த பொறுப்பில் இருந்து ஓய்வுபெற்ற ஆர்.பி. சிங், தன்னால் கணிக்க முடிந்த இழப்பு 2,645 கோடிதான், மேலிட உத்தரவால் கையெழுத்துப் போட்டேன் என்றார். குழுவின் அறிக்கை தயாரிப்பில் தணிக்கை அதிகாரிகள் உதவினார்கள் என்றும் குற்றம் சாட்டினார். ஜோஷி அதை மறுத்தார். குழுவுக்குத் தணிக்கைத் துறை உதவுவது வழக்கமான வேலைதான். ஆனாலும் குழு ஒன்றுபட்டு நின்றிருந்தால் இந்தக் குற்றச்சாட்டு இத்தனை தூரம் ஓடியிருக்காது.

கூட்டுக் குழு என்ன செய்தது? 2013 செப்டம்பர் 27 அன்று 16க்கு 11 என்ற கணக்கில் அறிக்கையை ஏற்றது. பிரதமரை ராசா தவறாக வழிநடத்தினார் என்றது. மன்மோகன் சிங், சிதம்பரம் மீது குற்றமில்லை என்றது. சிஏஜியின் இழப்புக் கணக்கையும் ஒப்புக்கொள்ளவில்லை. ராசா நேரில் வந்து சொல்லத் தயாராக இருந்தும் அவரைக் கூப்பிடவில்லை. எழுத்தில் மட்டும் வாங்கிக்கொண்டது. இம்முறை திமுக எதிர்த்து வாக்களித்தது. அந்த ஆண்டு மார்ச்சில் இலங்கைப் பிரச்சினையை முன்வைத்து ஆட்சிக் கூட்டணியிலிருந்து அது வெளியேறியிருந்தது. ஆக, 2011இல் அதிமுகவும் திமுகவும் எதிரெதிர். 2013இல் ஒரே பக்கம். அலைக்கற்றையின் உண்மைகள் அந்த இரண்டு ஆண்டில் மாறிவிடவில்லை.

கூட்டுக் குழுவின் அறிக்கை சார்பானது என்று சொல்பவர்கள் அதை எடுத்துக்கொண்டே சொல்ல முடியும். ஏனென்றால் அதோடு எதிர்த்தவர்களின் குறிப்புகளும் சேர்ந்தே இருக்கின்றன. யார் எதை ஏன் மறுத்தார்கள் என்று இன்றும் படிக்கலாம். இங்கே தமிழ்நாட்டுக்கு ஒரு பழைய பெருமை உண்டு. போபர்ஸ் பீரங்கி பேரத்தை ஆராய 1987இல் பி. சங்கரானந்த் தலைமையில் அமைந்த கூட்டுக் குழுவை முக்கிய எதிர்க்கட்சிகள் புறக்கணித்தன. காங்கிரசும் அதன் நட்புக் கட்சிகளுமே உள்ளே. குழு 1988 ஏப்ரலில் அறிக்கை கொடுத்தபோது, அதோடு உடன்படாமல் எழுதியவர் அதிமுகவின் ஆலடி அருணா. நட்புக் கட்சிக்காரர், தனியாள், ஆனால் எழுத்து அறிக்கையோடு நின்றுவிட்டது. அடுத்த ஆண்டு ஜூலையில் சிஏஜி டி.என். சதுர்வேதியின் போபர்ஸ் அறிக்கை வந்து, எதிர்க்கட்சி மக்களவை உறுப்பினர்கள் கூட்டமாகப் பதவி விலகியபோது, குழுவின் முடிவை விட அருணாவின் குறிப்புக்கே மதிப்புக் கூடியிருந்தது.

பொதுக் கணக்குக் குழுவில் அருணா இருந்திருந்தால் அப்படி எழுதியிருக்க முடியாது.

இது காங்கிரஸ் காலத்தோடு போன வியாதியும் அல்ல. 2017 ஜனவரியில் குழுத் தலைவர் கே.வி. தாமஸ், பணமதிப்பிழப்பு பற்றித் தேவைப்பட்டால் பிரதமரையும் அழைக்கலாம் என்று சொன்னதும் பாஜக உறுப்பினர்கள் கொதித்தெழ, அவர் பின்வாங்கினார். ரிசர்வ் வங்கி ஆளுநர் உர்ஜித் படேல் வந்தார். 2018இல் வீரப்ப மொய்லி தலைமையிலான நிதி நிலைக்குழுவின் பணமதிப்பிழப்பு வரைவு, பாஜக உறுப்பினர்கள் எதிர்த்ததால் ஏற்கப்படாமல் போனது. 2024 அக்டோபரில் கே.சி. வேணுகோபால் தலைமையில் பொதுக் கணக்குக் குழு பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் தலைவர் மாதவி புரி புச்சை அழைத்தபோது, தலைவர் தன்னிச்சையாகத் தலைப்பைத் தேர்ந்தெடுத்தார் என்று தேசிய ஜனநாயகக் கூட்டணியினர் எதிர்த்தார்கள், புச் வரவில்லை, கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. 2011இன் ஆட்டக்காரர்கள் இடம் மாறி உட்கார்ந்தார்கள், வசனங்களும் கைமாறின.

நீதிமன்றங்கள்தான் தீர்ப்புச் சொல்லிவிட்டனவே, குழு எதற்கு என்று கேட்கலாம். 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களையும் ரத்து செய்தது. முதலில் வந்தவருக்கு முதலில் என்ற முறை தன்னிச்சையாகக் கையாளப்பட்டது என்றது. அந்த ஆண்டு நவம்பரில் நடந்த மறு ஏலத்தில் வந்த ஏலத்தொகை 9,407 கோடி ரூபாய் மட்டுமே. இதே விவகாரத்தில் சிபிஐ தொடுத்த குற்ற வழக்கில், 2017 டிசம்பர் 21 அன்று சிறப்பு நீதிபதி ஓ.பி. சைனி, ராசா, திமுகவின் கனிமொழி உட்பட எல்லோரையும் விடுவித்தார். குற்றச்சாட்டை நிரூபிக்கச் சான்று வரவில்லை என்றார். சிபிஐயின் மேல்முறையீட்டை 2024 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது. ஒரு நீதிமன்றம் நடைமுறை தவறு என்கிறது, இன்னொன்று குற்றம் நிரூபணமாகவில்லை என்கிறது. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதில்லை, ஏனெனில் கேள்விகள் வேறு. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது கேள்வி ஒன்று நிற்கிறது: 2007 செப்டம்பரிலிருந்து 2008 ஜனவரி வரை, நிதித்துறை, சட்டத்துறை, பிரதமர் அலுவலகம் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கையில், அந்த விலையில் அந்த முறையில் உரிமம் போவதை யார் நிறுத்தியிருக்க வேண்டும், ஏன் நிறுத்தவில்லை? அது குற்றவியல் கேள்வி அல்ல, நிர்வாகக் கேள்வி. அதைக் கேட்கும் அதிகாரமும் கடமையும் நாடாளுமன்றத்துக்கு இருக்கிறது. ராசாவுக்கும் அந்தப் பதில் தேவைப்பட்டது. பிரதமருக்குத் தெரிவித்துத்தான் செய்தேன் என்பதே அவருடைய வாதம். அவரைக் குற்றவாளியாகப் பார்த்தவர்களுக்கும், பலியாடாகப் பார்த்த பெரம்பலூர்க்காரர்களுக்கும் ஒரே சமயத்தில் கைநழுவிப்போனது அந்தப் பதில்தான்.

செழியனின் இன்னொரு வேலையை இங்கே சொல்லியாக வேண்டும். நெருக்கடி நிலைக் கொடுமைகளை விசாரித்த ஷா ஆணையத்தின் அறிக்கை, 1980க்குப் பிறகு கண்ணில் படாமல் போயிற்று. தன்னிடம் இருந்த பிரதியை வைத்து அதை மீண்டும் புத்தகமாகக் கொண்டுவந்தார், 2010இல், எண்பது வயது தாண்டிய பிறகு. அரசு அறிக்கை தொலைந்தாலும் யாரோ ஒருவரின் அலமாரியில் பிரதி இருந்தால் மீட்கலாம் என்று அவர் காட்டிய அதே காலகட்டத்தில்தான், அவர் தலைமை தாங்கிய குழுவின் வரைவு ஒன்று அறிக்கையாகாமலே நின்றுபோனது. அது பத்திரிகையாளர்கள் கையில் துண்டு துண்டாக இருந்தது. ஆனால் அவையில் வைக்கப்படாத தாளுக்கு அரசு பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆறு மாதக் கெடுவும் அதற்குக் கிடையாது.

பிரிட்டனில் இதற்கு ஒரு நடுவழி வைத்திருக்கிறார்கள். அங்கும் தேர்வுக் குழுக்கள் தனியாக எதிர்க் குறிப்பு இணைப்பதில்லை. ஆனால் எந்தப் பத்தியில் யார் யார் ஆதரித்து, யார் யார் எதிர்த்து வாக்களித்தார்கள் என்பது கூட்டக் குறிப்பில் அச்சாகும். சிறுபான்மையினர் மாற்று வரைவு முன்மொழிந்து தோற்றால், தோற்ற வரைவும் அச்சாகும். 2012 மே மாதம், தில்லிச் சண்டைக்கு ஏறத்தாழ ஓராண்டு கழித்து, தொலைபேசி ஒட்டுக்கேட்பு பற்றிய பண்பாட்டுக் குழுவின் அறிக்கை இப்படித்தான் வந்தது. பெரிய நிறுவனத்தை நடத்த ரூபர்ட் மர்டாக் தகுதியற்றவர் என்ற வரிக்கு ஆதரவு 6, எதிர்ப்பு 4. கன்சர்வேடிவ் உறுப்பினர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், செய்தியாளர் கூட்டத்திலேயே சண்டை போட்டார்கள். அறிக்கை வந்தது. பிளவும் வந்தது. வாசகர்கள் இரண்டையும் வைத்து முடிவு செய்துகொண்டார்கள்.

ஒத்த கருத்து என்ற பழைய மரபைக் கைவிட வேண்டும் என்பது இல்லை. நூறு அறிக்கைகளில் தொண்ணூற்றொன்பது அப்படியே வரட்டும். பிளவு வரும் அந்த ஒன்றில், பத்துப் பேர் எழுதியதும் பதினொரு பேர் மறுத்ததும் சேர்ந்து அவையின் மேசைக்கு வரட்டும். கூடவே சாட்சிய அமர்வுகளைக் கதவைத் திறந்து நடத்தினால், வரைவு கசிந்தது என்ற குற்றச்சாட்டுக்கே இடமிருக்காது. பதவிக்காலத்தின் கடைசி வாரத்தில் வரைவு நீட்டப்படுவதைத் தடுக்க ஒரு கெடு வைக்கலாம். இதற்கெல்லாம் அரசமைப்புத் திருத்தமோ மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையோ தேவையில்லை. மக்களவை நடத்தை விதிகளிலும் சபாநாயகரின் நெறிமுறைகளிலும் சில வரிகளைத் திருத்தினால் போதும்.